பஜ்ர் வரை காத்திருந்த இரவு



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், மயிலாப்பூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். சிறுமியாக நம்மிடம் குர்ஆன் ஓதியவர். இன்று செவிலியர் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆய்வும் செய்துவருகிறார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு வீட்டில் திடீரென உடல்நிலை மோசமானால், மருத்துவமனை வாசலை அடையும் வரை அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது, அப்போது அவர்களுக்கு என்ன துணை தேவைப்படுகிறது என்பதே அவருடைய ஆய்வு. சற்றுத் தயங்கிவிட்டு, "ஹஜ்ரத், மாமாவுக்குக் காய்ச்சல் வந்த இரவைப் பற்றி உங்களிடமும் கேட்கலாமா?" என்றார்.

மூன்று ஆண்டுகளாக எவரும் நம்மிடம் கேட்காத கேள்வி அது.

நம் அக்காவின் கணவருக்கு நிணநீர்ச் சுரப்பிகளில் புற்றுநோய். மருந்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாம் தவணை கீமோதெரபி முடிந்து பத்தாம் நாள். அன்று தி.நகரிலிருந்தும் இராயப்பேட்டையிலிருந்தும் உறவினர்கள் நலம் விசாரிக்க வந்தவண்ணம் இருந்தார்கள். ஒருவர் இருமிக்கொண்டே மச்சானின் கையைப் பற்றியபடி நெடுநேரம் துஆச் செய்தார். இஷாவுக்குப் பின் மச்சானுக்குக் குளிர் நடுக்கம் கண்டது, காய்ச்சல் 101. நாம் போய் ஓதி ஊதினோம், ஈரத்துணி வைத்தோம், பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னோம். காய்ச்சல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா தம்பி?" என்று அக்கா இரண்டு முறை கேட்டார். "இந்நேரத்தில் எதற்கு அவரை அலைக்கழிக்க வேண்டும்? பஜ்ர் தொழுதுவிட்டுப் போகலாம். அல்லாஹ் போதுமானவன்" என்றோம். அந்தச் சொல் சத்தியம். ஆனால் நம் உறக்கமும் சோம்பலும் அதன் பின்னால் ஒளிந்திருந்தன என்பதை இன்று மறைப்பதற்கில்லை.

பஜ்ர் நேரத்தில் மச்சானின் கைகள் சில்லிட்டிருந்தன. பேச்சு குழறியது. மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மௌத்தானார்.

மருத்துவமனையில் கொடுத்திருந்த தாள், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தது. காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் இரவோ பகலோ உடனே வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது. ஜனாஸா முடிந்த பிறகே அதை முழுமையாக வாசித்தோம்.

காரணத்தை அந்தச் சகோதரி பொறுமையாக விளக்கினார். கீமோதெரபி மருந்து புற்றுநோய் அணுக்களோடு கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்களையும் அழிக்கிறது. பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அவை மிகவும் குறைந்திருக்கும். அப்போது கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, சளி கட்டாது. பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. பாராசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடும். கிருமியோ இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். நோயாளி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தப்பட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நாம் வீட்டிலேயே ஏழு மணி நேரத்தைக் கழித்திருந்தோம்.

இங்கிலாந்தில் கீமோதெரபி பெற்ற 30 நாள்களுக்குள் இறந்துபோனவர்களின் சிகிச்சையை ஆராய்ந்து 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்களாம். அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகளுக்கென்றே தனிக் குழு வேண்டும் என்று மறு ஆண்டே பரிந்துரைத்தார்கள். இப்போது அங்கே நோயாளியின் சட்டைப்பையில் எச்சரிக்கை அட்டை இருக்கிறது. 24 மணி நேரத் தொலைபேசி இருக்கிறது. அழைப்பவர் சொல்லும் அறிகுறிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்த்து, உடனே வரச் சொல்கிறார்கள் அல்லது வீட்டிலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். முடிவெடுக்கும் சுமை நள்ளிரவில் ஒரு மைத்துனனின் தலையில் விழுவதில்லை.

"அன்று மாமாவிடம் கேட்டீர்களா, ஹஜ்ரத்?" என்றார் அவர். இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மச்சானின் அஜல் அவ்வளவுதான் என்று மஹல்லாவினர் அன்று நமக்கு ஆறுதல் சொன்னார்கள். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து வழியிலேயே திரும்பிய வரலாற்றை ஆண்டுதோறும் நம் மாணவர்களுக்கு நடத்துகிறோம். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். பாடமாக நடத்துவது வேறு, இரவு பதினொரு மணிக்கு நினைவுக்கு வருவது வேறு.

ஒரு மரணத்திலிருந்து கேள்வி பிறப்பது இந்த ஊருக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923இல் பறிகொடுத்தார். அந்தத் துயரமே 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக ஆயிற்று. மறு ஆண்டு அங்கே பணிக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தையே இல்லமாகக் கொண்டிருந்தார்.

நம்மால் முடிந்தது சிறியது. மதரஸாவின் பெண்கள் வகுப்பில் அந்தத் தாளைத் தமிழில் எழுதி வாசித்தோம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் கீமோதெரபி எடுத்தவரின் வீட்டுக்கு இருமலோடு போவது சுன்னத் அன்று என்று ஜும்ஆ பயானில் சொன்னோம். சிலர் முகம் சுளித்தார்கள். தொலைபேசியில் துஆச் செய்யலாம், இரவில் வண்டி எடுத்துவர ஒருவர் பெயர் கொடுக்கலாம் என்றபோது, தெருவில் ஆட்டோ ஓட்டும் இரண்டு சகோதரர்கள் தொழுகை முடிந்ததும் எண்களைத் தந்துவிட்டுப் போனார்கள்.

மறு வாரம் அந்தச் சகோதரியை அக்காவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். கேள்விகள் தொடங்குமுன்பே, நம் பக்கம் திரும்பாமல் அக்கா சொன்னார்:

"நான் ரெண்டு தடவை கேட்டேன்னு எழுதிக்கம்மா."