மூடியின் உட்புறம்

ஆனி பிறந்துவிட்டால் பெரியதாழையில் கச்சான் காற்றுக்குத்தான் ஆட்சி. தேரியின் செம்மணல் வீட்டுத் திண்ணைவரை வந்து படியும். தூண்டில் வளைவுக்கு அப்பால் அலைகள் நுரை கக்கி உடையும். தொழிலுக்குப் போகும் நாள்கள் குறைந்து, கரையில் இருக்கும் நாள்கள் கூடும். வலை பொத்துதல், படகின் விரிசல் அடைத்தல், இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தல் ஆகிய வேலைகளுக்கு அதுவே காலம்.

அப்படியொரு காலத்தில், கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் படகு இயந்திரத்தின் மூடியொன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போய்வரும் ஒருவர் அதன் ஒரு பக்கத்திலும், பதினோராம் வகுப்பில் வேதியியல் படிக்கும் அவர் மகள் மறு பக்கத்திலும் அமர்ந்திருந்தனர். இருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் மகள் ஆசையோடு பூசிய ஆரஞ்சு வண்ணம், ஐந்தாறு முறை கடலுக்குப் போய்வந்ததும் வெயிலில் உரியும் தோலைப் போலச் சுருள் சுருளாக உரிந்து கிடந்தது.

“நல்ல பெயின்ட்தானே வாங்குனோம், மக்கா?”

“பெயின்ட் மேல குத்தம் இல்லப்பா.”

வண்ணம் பூச முனைந்தது அழகுக்காக மட்டுமன்று. அந்த இயந்திரம் அவர் பழையதாக வாங்கியது. இப்போது அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்க முன்பணம் கட்டியிருந்தார். வாங்க இசைந்தவன் அடுத்த தெருவிலுள்ள உறவுக்கார இளைஞன். முதன்முறையாகச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவன். வெளுத்துச் சாம்பல் பூத்த மூடியோடு கொடுத்தால் ஒரு விலை, பளபளப்பான மூடியோடு கொடுத்தால் வேறொரு விலை என்பது சந்தை அறிந்த செய்தி.

காரின் இயந்திரத்தின்மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் ஓசையைத் தணிக்கவும் கம்பிகளையும் குழாய்களையும் கண்ணுக்கு மறைக்கவும் உதவுவது. அதைக் கழற்றி வைத்துவிட்டாலும் கார் ஓடும். படகின் பின்புறத்தில் தொங்கும் இயந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் மூடிக்குக் கீழே கார்புரேட்டரும், தீப்பொறி தரும் மின்சுற்றும், சுழல்சக்கரமும் இருக்கின்றன. மூடி விரிந்து உப்புநீர் உள்ளே தெறித்தால், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இயந்திரம் நின்றுபோகலாம். பாய்மரக் காலத்தில் காற்று நின்றாலும் துடுப்பு இருந்தது. இன்றைய ஃபைபர் படகைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ப்பது எளிதன்று.

மகள் மூடியைப் புரட்டி உட்புறத்தைத் துணியால் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரண்டு சிறிய எழுத்துகள் வார்ப்பிலேயே பதிந்திருந்தன: ‘பிபி’. பிளாஸ்டிக் உறுப்புகள் பலவற்றின் உட்புறத்தில் இத்தகைய குறி இருக்கும். ‘பிபி’ என்றால் பாலிபுரோப்பிலீன். ‘பிஏ’ என்றால் நைலான் வகை. கார் மூடிகள் பலவற்றில் ‘பிஏ’ என்பதை அடுத்து ‘ஜிஎஃப் 30’ என்றும் இருக்கும். எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு கண்ணாடி இழை என்பது அதன் பொருள். இந்த இரண்டெழுத்தைப் படித்த பிறகு பூசியிருந்தால் மூன்று வாரமும் ஒரு டப்பா வண்ணமும் மிஞ்சியிருக்கும்.

இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954இல் உருவாக்கிய பாலிபுரோப்பிலீன், இன்று கயிறு முதல் கார் பம்பர்வரை எங்கும் நிறைந்திருக்கிறது. நாட்டாவுக்கும் ஜெர்மனியின் கார்ல் சீக்லருக்கும் 1963இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, உப்புக்கு அஞ்சாது, அமிலத்தால் எளிதில் கெடாது. எல்லாம் நல்ல குணங்கள்தாம். ஆனால் அது எதனோடும் எளிதில் ஒட்டாது. மகள் கழுவிய மூடியின்மேல் ஒரு கை நீரை விட்டாள். நீர் பரவவில்லை, திரண்டு வழிந்தது.

“தாமரை எலைல தண்ணி மாதிரில்லா ஓடுது!” என்றார் தந்தை.

அவர் சொன்னது ஏறக்குறைய அறிவியலே. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துக்கொள்பவை. அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பாலிபுரோப்பிலீன் பரப்பின் ஆற்றலோ அதே அளவையில் 30 அளவில் நிற்கிறது. பிறவற்றைத் தன்பால் இழுக்கும் வலு அதற்குக் குறைவு. தாமரையிலை தன் மெழுகாலும் நுண்ணிய மேடுகளாலும் செய்வதை, இந்தப் பிளாஸ்டிக் தன் மூலக்கூறுகளின் இயல்பாலேயே ஓரளவு செய்துவிடுகிறது. பற்றின்றி வாழ விரும்புவோர்க்குத் தாமரையிலை நல்ல உவமை. வண்ணம் பூச வருவோர்க்கு அது நல்ல செய்தியன்று.

போதாததற்கு உப்பும் சேர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பின்மேல் வண்ணம் பூசினால், உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் வண்ணத்தின் அடியில் கொப்புளமாக எழும்பும். முதல்முறை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததோடு பூசிவிட்டதை மகள் ஒப்புக்கொண்டாள்.

இரண்டாம் முறை, வேலை வண்ணத்திலிருந்து தொடங்கவில்லை. சோப்பு நீரில் இருமுறை கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தினர். பின்பு 400ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினர். உப்புத்தாள் இடும் நுண்ணிய கீறல்கள் வண்ணத்துக்குப் பிடிமானம் தரும். தேய்ப்பது சலிப்பான வேலை. விரல் நுனிகள் காந்தும். ஆயினும் மூடியை முழுவதும் தொட்டுப் பார்க்க வைக்கும் வேலை அது ஒன்றுதான்.

பூட்டுக் கொக்கிக்கு அருகே தேய்த்துக்கொண்டிருந்த தந்தையின் கை நின்றது. பழைய வண்ணத்துக்கு அடியில் வேறு நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினார். பட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே விரலளவு நீண்ட வெடிப்பு. அவருக்கு முன் அதை வைத்திருந்த யாரோ வெடிப்பில் பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடித்து விற்றிருக்கிறார்கள். அவரும் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. திரும்பவும் பட்டி பார்த்துப் பூசிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். முன்பணத்துக்கான கடனும் இருவருக்கும் தெரியும்.

“எனக்குத் தெரியாம ரெண்டு வருசம் இதோட கடலுக்குப் போயிருக்கேன்” என்றார் கடைசியில். “அந்தப் பயலும் அப்படிப் போவணுமா?”

பசை உதவாது என்பதை மகள் சொன்னாள். வண்ணத்தைப் பிடிக்காத பரப்பு பசையை மட்டும் எப்படிப் பிடிக்கும்? அவர் எழுந்து உள்ளே போய் வலை பொத்தும் நூற்கண்டை எடுத்து வந்தார். வெடிப்பு மேலும் ஓடாதபடி அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டார். பின்பு வெடிப்பின் இருகரையிலும் வரிசையாகத் துளைகள் இட்டு, முறுக்கு நூலால் இழுத்துத் தைத்தார். துளைகளின் வாயை மட்டும் எபாக்சிப் பசையால் அடைத்தார். பசை பிளாஸ்டிக்கை நம்பி நிற்கவில்லை. நூலின் முறுக்குகளைப் பற்றிக்கொண்டு நின்றது. தைத்துச் சேர்ப்பது கடற்கரைக்குப் புதிதன்று. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கலங்கள் இந்தியக் கடற்கரைகளில் நெடுங்காலம் ஓடியவை. ஒட்டுப்பலகைப் படகுகள் 1980களில் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு வந்தன. முட்டத்தில் பணியாற்றிய பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே அவற்றைப் பரப்ப உழைத்தவர். வேதியியல் புத்தகம் சிக்கலைக் காட்டியது. வலை பொத்தும் கை வழியைக் காட்டியது.

பிறகுதான் பூச்சு. கார் பம்பர்களுக்குப் பூசுவதற்காக விற்கும் பிளாஸ்டிக் பிரைமரைத் தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்திருந்தனர். அதில் குளோரின் ஏற்றிய ஒருவகைப் பிசின் இருக்கும். ஒரு கையால் பாலிபுரோப்பிலீனையும் மறு கையால் வண்ணத்தையும் பிடித்துக்கொள்வது அது. வீட்டுக்குள் வைத்து அடிக்க முடியாது: தின்னர் ஆவி மூச்சுக்குக் கேடு, அடுப்புக்கு அருகில் நெருப்புக்கு அழைப்பு. வெளியிலோ மணல். விடியலில் பனி ஈரம், நண்பகலில் கச்சான். ஈரம் உலர்ந்த பின்னும் காற்று வலுக்கும் முன்னும் கிடைக்கும் காலை நேரத்தில், திண்ணையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி, தரையில் நீர் தெளித்து மணலை அடக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை நடந்தது. காற்று நுழையும் துளைகளையும் ரப்பர் விளிம்பையும் கொக்கியையும் டேப்பால் மறைத்தாள் மகள். சீராக்கும் ஆர்வத்தில் காற்றுத்துளையை வண்ணத்தால் அடைப்பவர்களும் உண்டு.

ஒரே தடவையில் அழுத்தமாக அடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்படி அடித்தால் மேற்பரப்பு முதலில் உலர்ந்து தோலாகிவிடும். உள்ளே அகப்பட்ட தின்னர் வெளியேற வழியின்றி வண்ணம் மென்மையாகவே கிடக்கும், வழியவும் செய்யும். ஆகவே மெல்லிய பூச்சாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருந்து அடித்தனர். இந்தக் கடலின் முத்தும் அப்படித்தான் வளர்கிறது. சிப்பி, ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமனே உள்ள சுண்ணாம்புத் தகடுகளை, இடையிடையே புரதம் இட்டு, அடுக்கடுக்காகச் சேர்க்கிறது; முத்தின் ஒளியும் உறுதியும் அந்த அடுக்குகளால் வருபவை. மன்னார் வளைகுடாவில் இந்தியப் பகுதியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிப்பியை வளர்த்து முத்தெடுத்துக் காட்டினர். அவர்களாலும் சிப்பியை அவசரப்படுத்த முடியவில்லை.

வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஒரு நாள் ஆயிற்று. முழுதாக இறுக ஒரு வாரம் விட்டனர். அதற்குள் இளைஞன் இரண்டுமுறை வந்து கேட்டுப் போனான்.

எட்டாம் நாள் அவன் வந்தபோது மூடி இயந்திரத்தின்மேல் இருந்தது. ஆரஞ்சு வண்ணம் சீராகப் படிந்திருந்தது. கொக்கிக்கு அருகே மட்டும் தையல் வண்ணத்தின் கீழ் புடைத்துத் தெரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. விலையைப் பேசத் தொடங்கினான். பெரியவர் கொக்கியை விடுவித்து, மூடியைத் தூக்கி, உட்புறம் மேலாகத் திருப்பி அவன் கையில் கொடுத்தார். உட்புறத்தில் வண்ணம் இல்லை. நீல நூல் தையல் பதினோரு கண்களாகத் தெரிந்தது.

“மொதல்ல இதப் பாத்துக்க மாப்ள. பெறவு வெல சொல்லு” என்றார்.

இளைஞன் கட்டைவிரலால் தையலை இருமுறை அழுத்திப் பார்த்தான். பின்பு நூலின் முடிச்சைப் பார்த்து, “இது நீங்க போட்டதா, மாமா?” என்று கேட்டான்.