ஆலை விட்டுவைத்த வேலை

ஜொகூர் பாருவின் பாசார் காராட் போன்ற பழைய பொருள் சந்தைகளிலும், ஜப்பானியப் பழஞ்சரக்கு விற்கும் பண்டல் கடைகளிலும் கம்பி துருவேறிய எலக்ட்ரிக் கித்தார்களைக் காணலாம். விலை கேட்பவர்கள் அவற்றின் மரத்தைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். மலிவான மரம், அதனால் மலிவான ஒலி என்பது அவர்கள் கணக்கு. பழுதுபார்ப்பவரின் மேசையருகே நின்று வேலையைக் கவனித்தபின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. விலை குறைந்த கித்தாரில் குறைவது கைவேலை. ஆலை மிச்சம் பிடித்த மணிநேரங்களை, பல ஆண்டுகள் கழித்துப் பட்டறைக்காரர் உட்கார்ந்து செலவழிக்கிறார். ஆகவே அவருடைய கூலியைக் கித்தாரின் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவது தவறு என்பேன்.

மரத்தின் மீதான குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடலாம். மலேசியக் காடுகளில் வளரும் நியாத்தோ, தளவாடங்களுக்குப் பயன்படும் சாதாரண மரம். இந்தோனேசிய ஆலைகளில் உருவாகும் பெயர்பெற்ற நிறுவனங்களின் கித்தார்களிலும் அதே நியாத்தோ இருக்கிறது. மேலும், எலக்ட்ரிக் கித்தாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சிறு பெட்டி. எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும் விதத்தைத்தான் அது மின்சாரமாக்குகிறது. கம்பி தடையில்லாமல் அதிர வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும்.

பிரெட் மட்டப்படுத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் பதித்த பிரெட் எனும் 21 அல்லது 22 உலோகப் பட்டிகளும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஒன்று மயிரிழை உயர்ந்திருந்தாலும், அதற்கு முந்தைய பிரெட்டை அழுத்தும்போது கம்பி அதில் மோதி இரையும். பட்டறையில் முதலில் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை ஆலன் சாவியால் திருகிக் கழுத்தை நேராக்குகிறார்கள். விரற்பலகை கீறாமலிருக்க டேப் ஒட்டிவிட்டு, பிரெட்களின் உச்சியில் மார்க்கர் மை பூசுகிறார்கள். பிறகு உப்புத்தாள் ஒட்டிய நேரான உலோகச் சட்டத்தை நீளவாக்கில் இழுக்கிறார்கள். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லா உச்சிகளிலும் மை அழியும்வரை இழுத்தால் அவை தட்டையாகிவிடும். தட்டையான உச்சியில் சுரம் சரியாக நிற்காது. அதனால் குழிந்த அரத்தால் ஒவ்வொன்றையும் மீண்டும் உருட்டி, வரவர நுண்ணிய தாள்களால் மெருகேற்ற வேண்டும். எஃகு நாரால் தேய்ப்பதாக இருந்தால் பிக்கப்பை முன்பே மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத் துகள்கள் காந்தத்தில் போய் அப்பிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகுதான் பிரெட்களுக்கு மேல் கம்பியின் உயரத்தைச் சுமார் 1.6 மில்லிமீட்டருக்கு இறக்க முடியும். கழுத்தில் அப்போது விட்டுவைக்கும் வளைவு கால் மில்லிமீட்டர் அளவுதான். இந்த வேலை முழுவதிலும் விலையுயர்ந்த பொருள் எதுவும் கித்தாரில் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜொகூரின் காற்றும் கூலியில் தன் பங்கைக் கேட்கிறது. கித்தார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது என்பார்கள். இங்கே அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கும். குளிரூட்டிய அறைக்கும் அஞ்சடிக்கும் இடையே போய்வரும் கழுத்து, ஆறு கம்பிகளின் ஏறத்தாழ 40 கிலோ இழுவையையும் தாங்கியபடி மெல்ல வளைகிறது. வால்யூம் குமிழ் கரகரக்கிறது, பிரிட்ஜின் திருகுகள் துருவில் இறுகிக்கொள்கின்றன, பிளக் செருகும் துளையின் தகடு தளர்ந்து ஒலி விட்டுவிட்டு வருகிறது. குமிழுக்கு காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பல நேரங்களில் போதும். கேட்காவிட்டால் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். உதிரிப்பாகம் மலிவு. எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொல்லும் காது மலிவல்ல.

இருநூறு ரிங்கிட் கித்தாருக்கு இருநூறு ரிங்கிட் கூலியா, அதற்குப் புதிதே வாங்கலாமே என்று கேட்பார்கள். மலிவான புதியதும் பெரும்பாலும் இதே குறையோடுதான் வரும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல், பிரெட் முனைகள் கையைக் கீறும்படி இருக்கும். அதையும் ஒருநாள் இதே மேசைக்குத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். கற்றுக்கொள்பவனுக்குத் திருத்தாத கித்தாரே போதும் என்பது அதைவிடத் தவறான பேச்சு. உயர்ந்து நிற்கும் கம்பியை அழுத்தி விரல் வலியில் தவிப்பதும், சுதி நிற்காமல் தன் காதையே சந்தேகிப்பதும் தொடக்கக்காரன்தான். தேர்ந்தவர் எப்படியாவது சமாளித்துவிடுவார். 1981இல் சர்ச் என்ற ராக் குழு உருவான நகரம் இது. இங்கே கித்தார் பழக ஆசைப்படும் பிள்ளைகள் பலருக்குக் கைக்கு எட்டுவது பழைய கித்தார்தான்.

எல்லாக் கித்தாரையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. கழுத்து முறுக்கிக்கொண்டதையும், ட்ரஸ் ராட் அறுந்ததையும் நல்ல பட்டறைக்காரரே வேண்டாமென்று திருப்பிவிடுவார். மற்றவற்றைத் திருத்த முடிவதற்கு வடிவமே காரணம். இந்த மலிவுக் கித்தார்களில் பல, லியோ ஃபெண்டரின் வடிவங்களை ஒட்டியவை. அவர் கித்தார் வாசிக்கத் தெரியாதவர். 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்தை நான்கு திருகுகளில் கழற்றலாம். பிக்கப்பும் குமிழ்களும் ஒரே தகட்டோடு வெளியே வரும். பழுதுபார்ப்பவர் ஒருவர் வகுத்த வடிவத்தின் நகல்கள், பழுதுபார்ப்பவர் கைக்கு இணங்குவதில் வியப்பில்லை.

கூலியைப் பற்றித் தமிழருக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மிருதங்கத்தின் பலாக்கட்டை பல்லாண்டு நிற்கும். தோலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூலியைக் கட்டையின் விலையோடு ஒப்பிட்டு யாரும் வழக்காடுவதில்லை. ஆனாலும் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களின் பெயர் மேடைக்கு வருவதே அரிது; அவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்தது. ஜொகூரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளமுள்ள பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர்; அங்கே சம்பாதிக்கும் ஒரு வெள்ளிக்கு இங்கே சுமார் மூன்று ரிங்கிட் கிடைக்கிறது. நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலை காத்திருக்கும்போது, இக்கரையில் ஒருவர் அரத்தோடு உட்கார்ந்திருப்பது தானாக நடப்பதல்ல. கம்பி மாற்றவும் சுதி சேர்க்கவும் உயரத்தைச் சரிசெய்யவும் வாசிப்பவர் தாமே பழகிக்கொள்ளலாம். பட்டறைக்காரர்களும் மறைக்காமல் சொல்லித்தருவார்கள். பிரெட்டிலும் நட்டிலும் அரம் படும் வேலையை அவர்களிடம் விட்டு, பாகத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதித்தரச் சொல்லலாம்.