எந்த வண்டியில ஏறுறது?

நான் பூனாவுக்கு வேலைக்கு வந்தது 2005ல. அந்த வருஷம் ஜூலையில ஜாங்கோ வெளியாச்சு. டிசம்பர்ல ரூபி ஆன் ரெயில்ஸ் 1.0. அடுத்த வருஷமே ஜான் ரெசிக்கோட ஜேக்வெரி. ஆபீஸ்ல டீ நேரத்துப் பேச்சே இதுதான். "இதைப் படிச்சா பொழச்சுக்கலாம்"னு அப்போ ஆரம்பிச்ச பாட்டு இன்னும் நிக்கல :-)

2010ல ஆங்குலர்ஜேஎஸ், 2013ல ரியாக்ட், 2014ல வியூ, 2016ல ஸ்வெல்ட். வந்த வேகத்துலயே சிலது போயும் போச்சு. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31ல மூடுவிழா. ஆங்குலர்ஜேஎஸ்ஸை 2022 ஜனவரியோட கூகுள் கைகழுவிடுச்சு.

இப்போ எங்க அக்கா பையன் திருநெல்வேலியில பி.இ. கடைசி வருஷம். ரியாக்ட் கோர்சுக்கு ஒரு பயிற்சி நிலையத்துல 45,000 ரூபாய் கேக்குறாங்களாம். அக்கா வளையலை அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறா. "மாமா, ரியாக்ட் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"னு அவன் கேட்டான். நியாயமான கேள்வி. வளையலாச்சே!

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்றேன்.

ரியாக்ட் படி, வேண்டாங்கல. ஆனா காசு கட்டாதே. ரியாக்ட்டோட சொந்தத் தளத்துலயே பாடம் இலவசம். அதுக்கு முன்னாடி எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூணையும் மோஸில்லாவோட எம்டிஎன் பக்கங்கள்ல அடியிலிருந்து படி. அதுவும் இலவசம்தான். ஏன் இந்த மூணு? ஜேக்வெரி செஞ்ச வேலையில பெரும்பகுதியை இன்னிக்கு பிரவுசரே செய்யுது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சவன் சுலபமா அடுத்ததுக்குத் தாவினான். ஜேக்வெரி மட்டும் தெரிஞ்சவங்க தடுமாறினதை பக்கத்து சீட்லயே பார்த்திருக்கேன். இப்போ ஏஐயே கோடு எழுதித் தருது. அது எழுதினது சரியான்னு பார்க்கவும் இந்த அடிப்படைதான் வேணும்.

புதுசுல எனக்குப் பிடிச்சது மூணு. ரியாக்ட், ஏதாவது மாறினா மனக்கணக்கா ஒரு புதுப் படம் போட்டு, பழசோட ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் திரையில மாத்தும். அந்த வேலை நடக்குறது பயனர் போன்ல. ஸ்வெல்ட் அதுல பெரும்பகுதியை முன்கூட்டியே நம்ம கம்ப்யூட்டர்ல முடிச்சு, சின்னப் பொட்டலமா அனுப்புது. எச்டிஎம்எக்ஸ் இன்னும் எளிமை: சர்வர் ஒரு துண்டு எச்டிஎம்எல் அனுப்பும், அது பக்கத்துல அந்த இடத்துல போய் உக்காந்துக்கும். மூணாவது வீட். ஃபிரெஞ்சுல வேகம்னு அர்த்தம், பேருக்கேத்த மாதிரி சட்டுனு கிளம்புது.

கடைசியா ஒரு வேலையும் குடுத்தேன். அத்தானோட ஹார்டுவேர் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் பக்கம். முதல்ல வெறும் மூணை வச்சு, அப்புறம் எச்டிஎம்எக்ஸ்ல, அப்புறம் ரியாக்ட்ல. கடைக்கு வர்ற கொத்தனார் கையில இருக்குற சாதாரண போன்ல மூணையும் திறந்து, எது சீக்கிரம் வருதுன்னு அவனே பார்க்கட்டும். எதுக்கு எது தேவைன்னு எந்த கோர்சும் இதைவிடத் தெளிவா சொல்லாது.

உங்க வீட்லயும், ஊர்லயும் இதே கேள்வியோட ஒரு பிள்ளை இருக்கும். பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி, ஒரு பக்கம் செஞ்சு காட்டச் சொல்லுங்க.