பூச்சி தின்ற லேபிள்

கிதாரின் வயிற்றுக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: கல்கத்தா. அதற்கு மேலே, செய்தவரின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். கடைசி எழுத்தின் வால் மட்டும் ஒரு கமாவைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

விற்பவர் பெரம்பூர்க்காரர், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1974இல் கல்கத்தா போனபோது லால்பஜார் பக்கம் ஒரு கடையில் வாங்கியதாம். பிறகு பதினைந்து வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்திருக்கிறார். இப்போது விரல் மடங்குவதில்லை. ஹவாயன் கிதார், மடியில் கிடத்தி, கம்பிகளின்மீது எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பது. கல்லூரி நாட்களில் இரண்டு வருஷம் இதைக் கற்றுக்கொண்டு, பரீட்சை, வேலை என்று விட்டுவிட்டவன் நான். ஆறாயிரம் ரூபாய் சொன்னார்.

கூட வந்த நண்பன் சர்ச்சில் கிதார் வாசிப்பவன். என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "பேர் தெரியாத மேக் வேணாம்டா. நாளைக்கு விக்கப்போனா எவன் வாங்குவான்?" என்றான். நான் ஏன் விற்கப்போகிறேன் என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் உள்ளூர அதே பயம்தான். பெயர் மட்டும் இருந்திருந்தால் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன்.

இந்த வாத்தியத்துக்கோ, தன்னை அறியாத ஊர்களில் போய்ப் பிழைப்பது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் உருவானது. தாவ் மோ என்ற கலைஞர் 1941 முதல் 1947 வரை கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். வங்காளத்து நடுத்தர வீடுகளில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. பிரிஜ் பூஷண் காப்ரா இதில் ராகம் வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு நாடெங்கும் கேட்கப்பட்டது. நம் காதுக்கும் இது அந்நியமில்லை. கோட்டுவாத்தியத்தில் மெட்டுகள் கிடையாது. கட்டையை வழுக்கித்தான் ஸ்வரத்தைத் தேட வேண்டும். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளைக் கேட்டவர்களுக்கு ஹவாயன் கிதார் தூரத்து உறவு.

இதே வாத்தியத்துக்கு அமெரிக்காவில் கால் முளைத்தது. கால்களோடு பெடல்களும் முளைத்தன. 1954இல் வெளியான, வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கம்பியின் சுருதியை உயர்த்தினார். அதைக் கேட்ட ஸ்டீல் கிதார்க்காரர்கள் பலர் தங்கள் வாத்தியங்களுக்கும் பெடல் பொருத்திக்கொண்டார்கள். அத்தகைய பெடல் ஸ்டீல் ஒன்றைப் பழையதாக வாங்குகிறவன், அது பேர்போனவர் செய்ததோ இல்லையோ, முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பெடலிலிருந்து கம்பிக்குப் போகும் ஈர்க்குகளும் நெம்புகோல்களும் அடியில்தான் இருக்கின்றன. பிறகு ஒவ்வொரு பெடலாக மிதித்து விட வேண்டும். விட்டதும் கம்பி பழைய சுருதிக்கே திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி. மேலே பொறித்திருக்கும் பெயர் இதற்குப் பதில் சொல்லாது.

எங்கள் கிதாரில் பெடல் இல்லை, கேள்விகளும் குறைவு. முதல் கம்பியைச் சும்மா மீட்டினேன். பிறகு பன்னிரண்டாம் கோட்டுக்கு நேர்மேலே எஃகுத் துண்டை வைத்து மீட்டினேன். மேல் ஸட்ஜம் அங்கேயே விழ வேண்டும். கொஞ்சம் தள்ளி விழுந்தது. ஆறு கம்பிகளிலும் அப்படியே. அப்படியானால் கோளாறு கம்பியில் இல்லை, பிரிட்ஜில். சட்டைப்பையிலிருந்த வங்கிச் சலானை எடுத்துப் பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பார்த்தேன். பாதிச் சலான் உள்ளே போயிற்று. கம்பிகளின் இழுப்பில் பலகை லேசாக உப்பி, பிரிட்ஜ் பின்பக்கம் வாய் திறந்திருந்தது. பெரியவர் ஒன்றும் மறைக்கவில்லை. "அம்பது வருசமா இழுத்துக்கிட்டே இருக்குல்ல தம்பி" என்றார்.

பிறகு துண்டை மெதுவாக வழுக்கி, தோடியின் காந்தாரத்தை அசைக்க முயன்றேன். எனக்குக் கை பழக்கமில்லை. ஆனால் சப்தம் அறுந்துபோகாமல் நின்றது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி முழுவதும் காதில் விழுந்தது. நண்பன் தாழ்வாரத்திலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தான்.

ஐயாயிரத்துக்கு முடிந்தது. வரும்போது ஆட்டோவில் ஒன்று உறைத்தது. தெரிந்த பெயராக இருந்திருந்தால் அந்தச் சலானை நான் எடுத்திருக்கவே மாட்டேன். தள்ளி விழுந்த ஸட்ஜத்துக்கு என் கையையே குறை சொல்லியிருப்பேன்.

எங்கள் கிளையில் நகைக்கடன் நாட்களில் அப்ரைசர் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்காருவார். நகையை உரைகல்லில் தேய்ப்பார், பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஊசியால் ஒரு கோடு இழுப்பார், இரண்டையும் ஒப்பிடுவார். எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பவன் நான். சும்மா, பேச்சுக்காக. பி.ஏ.யில் எங்களுக்கு மாத்யூ ஆர்னால்டு பாடம் இருந்தது. மகாகவிகளின் வரிகளை மனதில் உரைகல்லாக வைத்துக்கொண்டு மற்றக் கவிதைகளை மதிப்பிடச் சொன்னார் அவர், 1880இல். அப்ரைசரைப் பார்த்த பிறகு தோன்றுகிறது, ஆர்னால்டு கல் என்று சொன்னது உண்மையில் ஊசியை. ஊசி வேண்டியதுதான், கோட்டுவாத்தியம் கேட்டிராவிட்டால் பெரம்பூரில் எனக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் கல் என்பது வாசகன். எதிரே இருப்பதை அதில் அழுத்தித் தேய்த்தால்தான் கோடு விழும்.

நான் தேய்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுதி மதிப்புரைக்கு வந்தது. நான் கேள்விப்படாத பெயர், சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம், அட்டையில் நிலா. நாற்பத்திரண்டு கவிதைகளில் நாலைப் படித்துவிட்டு, 'வழக்கமான உணர்ச்சிகளின் வழக்கமான வெளிப்பாடு' என்று எழுதினேன். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம். அதே மாதம் பெயர்பெற்ற கவிஞர் ஒருவரின் தொகுதிக்கு ஆறு பக்கம் எழுதினேன். அதில் ஒரு முழுப்பத்தி, ஒரு சொல்லின் புதிர்த்தன்மையைப் பற்றியது. அது அச்சுப்பிழை என்று கவிஞரே பிற்பாடு சொன்னார்.

நிலா அட்டைக்காரரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது: எந்தெந்தக் கவிதை என்று குறிப்பிட்டால் திருத்திக்கொள்கிறேன். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உண்மையாகவே கேட்டிருந்தார் என்றால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கிதார் வந்த அன்று இரவு அந்தத் தொகுதியைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். கிதார்க் கதைக்குப் பொருத்தமாக அது ஒரு மறைந்துகிடந்த பொக்கிஷமாக இருந்திருக்கலாம், இல்லை. பெரும்பாலானவை நிற்கவில்லை. கவிதை சொல்லி முடித்ததைக் கடைசி வரி மறுபடி சொல்லி, கட்டு விட்டுப்போகிறது. ஆனால் இரண்டு நிற்கின்றன. அதில் ஒன்று, ரேஷன் கடை வரிசையில் தன் இடத்துக்குச் செருப்பை வைத்துவிட்டுப் போன பெண்ணைப் பற்றியது. அவள் திரும்பி வருவதில்லை. வரிசை நகரும்போதெல்லாம் பின்னால் நிற்பவர் காலால் செருப்பையும் நகர்த்துகிறார். இந்தக் கவிதையை இந்தப் பத்திரிகையில் யார் எழுதியிருந்தாலும் நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மறுநாள் கார்டு எழுதிப் போட்டேன். நிற்கிற இரண்டின் பக்க எண்களைக் குறித்து, மற்றவற்றில் கடைசி வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கும்படி சொல்லியிருந்தேன். படிக்காமல் எழுதினேன் என்பதையும் சொல்லியிருந்தேன். அதற்கு இடம் போதவில்லை. முகவரிப் பக்கத்தின் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று.

கிதார் இப்போது பிரிட்ஜ் ஒட்டுவதற்காக ரிப்பேர்க்காரரிடம் இருக்கிறது. கார்டுக்குப் பதில் வரவில்லை. அவர் காத்திருந்தது மூன்று வருஷம். எனக்கு இது மூன்றாவது வாரம்.