பதகளிப்பும் பல வைத்தியமும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து பதகளிப்பு நோய்க்காக மனநலக் கிளினிக்கை நாடி வருகிறவர்களுள், வேறெங்கும் போகாமல் நேரே எங்களிடம் வந்தவரைக் காண்பது அபூர்வம். தம்பலகாமத்து வயற்காரர் பத்திரகாளியம்மன் கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வருவார். முன்னெல்லாம் பாதைப் படகில் ஏறியும், 2009ஆம் ஆண்டிலிருந்து பாலத்தைக் கடந்தும் கிண்ணியாவிலிருந்து வருகிற உம்மாவின் பையில் ஓதிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருக்கும். பாலையூற்றிலிருந்து வருகிற தாய் லூர்து அன்னைக்கு நேர்த்தி வைத்துவிட்டே பஸ் ஏறியிருப்பாள். இவர்கள் மூவரும் ஊர்ப் பரியாரியாரின் கஷாயத்தை ஒரு மண்டலம் குடித்துப் பார்த்தவர்களாகவும், அயல்வீட்டார் இரக்கப்பட்டுக் கொடுத்த தூக்க மாத்திரையை இரவில் பாதியாக உடைத்து விழுங்குகிறவர்களாகவும் இருப்பர். ஒருங்கிணைந்த சிகிச்சை என்று இக்காலத்து மகாநாடுகளில் புதுமைபோலப் பேசப்படுகிற காரியம் எங்கள் பகுதியில் நோயாளியின் வீட்டிலேயே, எந்த வைத்தியரின் அனுமதியையும் எதிர்பாராமல், நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதில் இல்லாதது ஒழுங்கு ஒன்றே. அந்த ஒழுங்கை உண்டாக்குவதுதான் எங்கள் தொழிலின் பெரும்பகுதி என்பது பல வருஷ அனுபவத்தில் நான் அடைந்த அபிப்பிராயம்.

மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு இங்கே எவரும் வருவதில்லை. "டொக்டர், நெஞ்சு அடிச்சுக்கொண்டே கிடக்கு, மூச்சு உள்ளுக்குப் போகுதில்லை, இப்பவே செத்துப்போவன் போலக் கிடக்கு" என்றுதான் சொல்வார்கள். சரீரத்தை முன்னிட்டு வருகிறவனுக்குச் சரீரத்தைச் சோதித்துக் காட்டுவதே முதல் மரியாதை. ஈ.சி.ஜி. எடுத்தல், தைரொயிட்டு, இரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்தல், இழுப்பு நோய்க்கு உறிஞ்சும் மருந்து எத்தனை தரம் என்று கேட்டல், கசிப்பைத் திடீரென நிறுத்தியவனா என்று அறிதல், நாளுக்கு எத்தனை கோப்பைச் சாயத் தேநீர் என்று எண்ணுதல் ஆகிய இவையெல்லாம் முடிந்த பின்னரே பதகளிப்பு என்ற பெயரை நாங்கள் வாயில் எடுக்கலாம். சோதனைகள் யாவும் சுத்தமாக வந்தபோது "உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்புகிற வைத்தியர், அந்த நோயாளியை இன்னும் நாலு வாசல் ஏற்றி இறக்குகிறார் என்பதை அறியார். இதயம் நன்றாக இருக்கிறது, ஆனால் அபாயமணி காரணமின்றி அடிக்கிறது, அந்த மணியை நிறுத்தப் பழகலாம் என்று கூறுவது அதே ஈ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லக்கூடிய வேறு வார்த்தை.

2006ஆம் ஆண்டில் வெளியான ஜி.ஏ.டி-7 என்னும் பதகளிப்பு அளவையின் ஏழு வினாக்களையும் நான் கேட்பதுண்டு. 21 புள்ளிகளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிரத்தை எடுக்கவேண்டும் என்பர். சிகிச்சையின் முன்னேற்றத்தை அளக்க அது உபயோகமானதே. எனினும், காணாமற்போன மகனைத் தேடுகிற தாய்க்கும், நுண்கடன் வாரத்தவணைக்காரன் படலையில் நிற்பானென்று அஞ்சுகிற பெண்ணுக்கும், காரணமே இன்றி நடுங்குகிற இளைஞனுக்கும் அது ஒரே எண்ணைக் கொடுத்துவிடக் கூடும். முதலிருவருக்கும் மாத்திரைக்கு முன்னே சமூகசேவை உத்தியோகத்தரின் துணை வேண்டும்.

அடுத்தது பை. மறுமுறை வரும்போது வீட்டிலுள்ள மருந்தெல்லாவற்றையும், அவை எந்த வைத்தியருடையவையாயினும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி எல்லாரிடமும் சொல்வது என் வழக்கம். கேட்கிற குரலில் ஏளனத்தின் சாயை சிறிதளவு இருந்தாலும் பை வீட்டிலேயே நின்றுவிடும். ஆகையால் நூலையும் தண்ணீரையும் பற்றி முதலில் மரியாதையாக விசாரித்துவிட்டுத்தான் நான் குளிசைக்கு வருவேன். பையைக் கொட்டினால், மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே ஜாதித் தூக்க மருந்து கிடக்கும். பெயரில்லாத சூரணம் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மூலிகைக் குப்பி கிடக்கும். டயசிப்பாம் போன்றவற்றை நெடுநாள் உண்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். அதனால் அவற்றைக் கண்டவுடன் பிடுங்கி எறியாமல், கிழமைக் கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

சித்த வைத்தியத்தைப் பற்றி எங்கள் ஆங்கில வைத்திய உலகில் இரண்டே மனோபாவங்கள் உண்டு: ஒன்று அலட்சியம், மற்றது ஆராயாத பக்தி. இரண்டும் சோம்பலின் பிள்ளைகள் என்பேன். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் சேர்த்தே அங்கீகரித்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகிறது. கப்பல்துறையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. நல்ல சித்த வைத்தியர் ஒருவர் பதகளிப்பை வாதத்தின் மிகுதியாகக் கண்டு, நித்திரை, மலசலம், பசி, கனவு என்று ஒவ்வொன்றாக விசாரித்து, வேளைக்கு உணவும் நல்லெண்ணெய் முழுக்கும் விதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய தத்துவத்தை ஒப்புக்கொள்ளாதவரும் அவர் கொடுக்கிற நேரத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் கிளினிக்கின் நெரிசலில் அந்த நேரம் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. அமுக்கராக் கிழங்கு பதகளிப்பைத் தணிக்கிறதெனச் சில சிறிய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் தைரொயிட்டு மருந்து உண்பவர், கர்ப்பிணிகள், ஈரல் வருத்தமுள்ளவர் ஆகியோருக்கு அது பாதுகாப்பானதன்று, தூக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தையும் மிகுவிக்கும். டென்மார்க் 2023இல் அதனைத் தடைசெய்தே விட்டது. வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு உண்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பற்பம், செந்தூரம் எனின் யார் செய்தது, எவ்வளவு காலம் உண்டது என்று கேளாமல் விடுவதுமில்லை, ஏனெனில் சுத்தி சரியாகச் செய்யப்படாத உலோகம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மூச்சுப் பயிற்சிதான் இரு வைத்தியங்களும் சண்டையின்றிச் சந்திக்கிற இடம். ஆனால் அங்கும் ஒரு நுட்பமுண்டு. பதறுகிறவனை நோக்கி "நன்றாக ஆழமாக மூச்சை இழு" என்று சொல்வது சாதாரணமாக எல்லாரும் செய்வது; அவன் ஏற்கெனவே வேண்டியதற்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறான், அதனால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் நுனி விறைத்து, தலை சுற்றி, சாவே வந்துவிட்டதென நினைக்கிறான். அவனுக்குக் கற்பிக்கவேண்டியது மெதுவாக விடுதல். நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி விட்டால், நிமிஷத்துக்கு ஆறு மூச்சாகும். கை நெஞ்சில் அன்றி வயிற்றில் இருக்கவேண்டும். பதறாத வேளையில், வீட்டில், நாள்தோறும் பழகியிருந்தால்தான் பதறும் வேளையில் அது கைகொடுக்கும். யாழ்ப்பாணத்து மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்கள் யுத்தகாலத்தில் சாந்தி ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் ஜபத்தையும் சிகிச்சையாகவே உபயோகித்து, இந்துவுக்கு மந்திரம், முஸ்லிமுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று அவரவர் சமயத்திலிருந்தே தளர்வுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாமென எழுதியிருக்கிறார். மூவினமும் நாற்சமயமும் ஒரே வாங்கில் காத்திருக்கிற எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உபாயத்தை நான் அறியேன். ஆனால், சித்திரவதைக்கு ஆளானவரைக் கண்ணை மூடி மல்லாக்கப் படுக்கச் சொன்னால் சாந்தி வருவதற்குப் பதிலாகப் பழைய அறை வந்து நிற்கும். அவரைக் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் இருத்தி, கண்ணைத் திறந்தபடியே பழக்கவேண்டும்.

தளர்வு மட்டும் போதாத இடமும் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பின் கடலுக்குள் இறங்காத மீனவரைத் திருக்கடலூரிலும் மூதூர்ப் பக்கத்திலும் கண்டிருக்கிறேன். வாடைக்காற்று எழும்பினாலே வேர்த்துக் கொட்டும். வலையை விற்றுவிட்டுக் கூலிக்குப் போவார்கள். கடலை விலக்க விலக்க அச்சம் வளர்ந்துகொண்டே போகும். இவர்களுக்கு நூலும் மாத்திரையும் மூச்சும் துணையாக நிற்க, சிகிச்சையாவது கடலுக்குப் படிப்படியாகத் திரும்புதலே: முதலில் கரையில் இருந்து வலை பொத்துதல், பின் கணுக்கால் நனைதல், பின் தமையன் தோணியை ஓட்ட உட்துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று, அங்கே பதற்றம் ஏறி, உச்சியில் நின்று, தானாக இறங்கும்வரை திரும்பாதிருத்தல். புறப்படுமுன் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்குவேன் என்றால் தாராளமாகக் கும்பிடலாம். கும்பிடாமல் இறங்கவே மாட்டேன் என்று ஆகிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுச் சிகிச்சை, யோகம், தியானம் ஆகியவற்றின் பெறுமதியை அளந்தவர்களும் உளர். அமெரிக்காவில் 226 பேரைக்கொண்டு நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை பெற்றவரில் ஏறத்தாழ 71 வீதத்தினரும், குண்டலினி யோகம் பழகியவரில் 54 வீதத்தினரும், நெருக்கீடு பற்றிய போதனை மட்டும் கேட்டவரில் 33 வீதத்தினரும் குணங்கண்டனர். யோகம் பயனற்றதன்று, ஆனால் பேச்சுச் சிகிச்சைக்குப் பதிலாகாது என்பதே இதன் தாற்பரியம். மறுவருஷம் வெளியான இன்னொன்றில், எட்டு வாரத் தியானப் பயிற்சி எஸ்சிற்றலோப்பிராம் மாத்திரைக்குக் குறையாத பலனைத் தந்தது. அது தேர்ந்த ஆசிரியரிடம் வாரந்தோறும் வகுப்பிலிருந்து, வீட்டிலும் நாள்தோறும் பழகியவர்களின் கதை; கைப்பேசியில் கேட்டுத் தூங்கிப்போனவர்களுடையதன்று. மாத்திரை தேவைப்படுகிறவர் தேவைப்படுகிறவரே. அது வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு கிழமை செல்லும், முதற்கிழமையில் பதற்றம் சற்றுக் கூடவுங்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நாலாம் நாளே குளிசை குப்பைக்குப் போய்விடும்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருகிற வைத்தியருக்கும் தாதியருக்கும் உளவளத்துணையாளருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் நோயாளி வேறொரு வைத்தியரிடமும் போகிறார் என்று அறிந்தால், நோயாளியின் சம்மதத்தோடு அந்த வைத்தியருக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதி, நீங்கள் கொடுக்கிற மருந்தின் பெயரைத் தெரிவித்து, அவர் கொடுப்பதன் பெயரைக் கேளுங்கள். பரியாரிமாருக்கும் இதையே சொல்வேன்: நாற்பது வயது கடந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால், நாடி பார்த்த கையோடு ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புங்கள்.