உடம்பைப் பெருக்காதீங்க, காலை நீட்டுங்க

ஈகிள் மென்பொருளை 2026 ஜூன் 7 உடன் நிறுத்தப்போவதாக ஆட்டோடெஸ்க் 2023லேயே அறிவித்துவிட்டது. சர்க்கிட் வரைகிற நமக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான். இலவசமாகக் கிடைக்கிற ஏராளமான ஈகிள் வரைபடங்களை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். கையில் காசில்லாதவங்களுக்கு அந்த இடம் கீகேட். 1992ல் பிரான்ஸில் ஜான்-பியர் ஷரா தொடங்கியது. பிறகு செர்ன் ஆய்வகமும் கைகொடுத்தது. முழுக்க இலவசம்.

நான் மாற்ற எடுத்தது ஒரு ஜியோஃபோன் பெருக்கியின் வரைபடம். நில அதிர்வைப் பிடிக்கிற சின்ன சென்சர்தான் ஜியோஃபோன். ஏன் அதுன்னு திகனக்காரங்க கேட்க மாட்டாங்க. 2020 ஆகஸ்ட் 29 இரவு இங்கே நிலம் அதிர்ந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் மறுபடியும் அதிர்ந்தது. விக்டோரியா நீர்த்தேக்கம்தான் காரணம் என்றார்கள் சிலர், கல்குவாரி என்றார்கள் சிலர். பல்லேகலையில் அதிர்வு பதிவு நிலையம் இருக்கிறது. ஆனாலும் நம்ம வீட்டுத் தரையில் என்ன நடக்குதுன்னு நாமே பார்க்கணும்னு ஒரு ஆசை. உயர்தரம் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பியும் சேர்ந்துகொண்டான்.

2018ல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து கீகேட் ஈகிள் கோப்புகளைத் திறக்கும். குறியீடுகள் பழைய அளவிலேயே வரும், இணைப்புகளும் அப்படியே இருக்கும். சிக்கல் அடுத்த படியில்தான்: பழைய குறியீட்டை எடுத்துவிட்டு, கீகேட்டின் சொந்த லைப்ரரியில் இருப்பதைப் போடும்போது.

ஈகிள் ரெசிஸ்டரில் இரண்டு கால் நுனிகளுக்கும் இடையே 400 மில். (ஒரு அங்குலம் 1000 மில்.) கீகேட் ரெசிஸ்டரில் 300 மில். நடுப்புள்ளி மாறாமல் வைத்தால் இரண்டு பக்கமும் 50 மில், அதாவது 1.27 மில்லிமீட்டர் இடைவெளி விழும். போதாததுக்கு, ஈகிளில் படுத்திருக்கிற ரெசிஸ்டர் கீகேட்டில் எழுந்து நிற்கும்.

"அண்ணா, எல்லாத்தையும் கொஞ்சம் பெருசாக்கினா சரியாயிடும்தானே?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 300ஐ 400 ஆக்க 1.333ஆல் பெருக்க வேண்டும். ரெசிஸ்டருக்குச் சரி. ஆனால் ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கால்கள் நடுக்கோட்டிலிருந்து 100 மில் தள்ளி நிற்பவை. பெருக்கினால் 133.3 மில். கீகேட் வரைவது 50 மில் கட்டத்தில். 100க்கும் 150க்கும் நடுவில் இடமே கிடையாது. திரையில் வயர் காலைத் தொடுகிற மாதிரிதான் தெரியும். மென்பொருளுக்கு அது தொடுகையே இல்லை. இரண்டு நுனிகளும் ஒரே புள்ளியில் இருக்கா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

அதனால் நாங்கள் செய்தது: குறியீட்டைச் சொந்த லைப்ரரியில் பிரதி எடுத்து, உடம்பைத் தொடாமல், ரெசிஸ்டரின் ஒவ்வொரு காலையும் 50 மில் நீட்டினோம். 150 மில் தூரத்தில் இருந்த நுனி 200க்குப் போனது. கட்டத்தை விட்டு விலகவில்லை. பிறகு 90 பாகை திருப்பினோம், அவ்வளவுதான். ஐசி மாதிரி கால் அதிகம் உள்ளவற்றுக்கு அளவை மாற்றவே இல்லை. வயரை நீட்டிக் கொண்டுபோய் சேர்த்தோம்.

இதெல்லாம் வெறும் அழகு வேலைன்னு நினைக்காதீங்க. விட்டுப்போன அந்த 1.27 மில்லிமீட்டர், ஆப்-ஆம்பின் பின்னூட்ட ரெசிஸ்டரில் விழுந்தால்? வெளியீடு ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். திரையில் நேர்கோடு. அதிர்வே இல்லைன்னு நாம நிம்மதியா தூங்குவோம். வேலை செய்யாத கருவியைவிட, எல்லாம் சரின்னு பொய் சொல்கிற கருவி ஆபத்தானது.

ஆகவே குறியீட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நெட்லிஸ்ட் எடுத்து வைங்க, மாற்றிய பிறகு இன்னொன்று. எந்தக் கால் எதோடு சேர்ந்திருக்குன்னு சொல்கிற வெறும் எழுத்துக் கோப்புதான் அது. இரண்டிலும் இணைப்புகள் ஒன்றாக இருக்கான்னு வரி வரியா ஒப்பிடுங்க. கூடவே ஈஆர்சி சோதனையும் ஓட்டுங்க. தொங்குகிற கால்களை அது காட்டிக்கொடுக்கும். இரண்டும் சரியா இருந்தா மட்டும் போர்டுக்குக் காசு கட்டுங்க.