குழாய்க்குள் பிறக்கும் சாயம்

நமது வாப்பா கைலி நூலுக்குச் சாயமேற்றியவர்கள். சிவப்பு நூல் போடும் நாளில், விடிவதற்கு முன்பே நம்மை ஐஸ் வாங்கிவர அனுப்புவார்கள். நாப்தாலில் ஊறிய நூலை முக்கும் இரண்டாவது தொட்டி குளிர்ந்தே இருக்க வேண்டும். ஏனென்று கேட்டால், "இல்லாவிட்டால் மருந்துக்குக் கோபம் வந்துவிடும்" என்பார்கள்.

அந்தக் கோபக்காரப் பொருளின் பெயர் டயசோனியம் என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தோம். 1858இல் பீட்டர் கிரீஸ் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தது அது. அமிலத்தில் கரைந்த அமீனுடன் சோடியம் நைட்ரைட் சேரப் பிறக்கும். நாப்தாலோடு இணைந்து அசோ சாயமாகும். பொதுவாக 0 முதல் 5 பாகைக் குளிரில் வைக்காவிடில் சிதையும். உலர்ந்தால் சில வகைகள் வெடிக்கவும் செய்யும்.

அண்மையில் நம் தமக்கையின் மகன் தன் ஆய்வுக்கூடத்திற்கு நம்மை அழைத்துச் சென்றான். "மாமா, ஐஸ் இல்லாமல் செய்கிறேன், பாருங்கள்" என்றான். தொட்டியில்லை, வாளியில்லை. இரண்டு பம்புகள் அமீனையும் நைட்ரைட்டையும் மெல்லிய குழாயொன்றில் ஓடவிட்டன. சற்றுத் தள்ளி மூன்றாவது பம்பு நாப்தாலைச் சேர்த்தது. மறுமுனையில் ஆரஞ்சுச் சாயம் இடையறாது சொட்டியது. எந்நேரமும் குழாயினுள் இருக்கும் டயசோனியம் சிறிதளவே. குழாய் மெல்லியதாதலால் வெப்பமும் உடனே வெளியேறிவிடுகிறது.

"வாப்பாவின் சிவப்பையும் இப்படிச் செய்யலாமே?" என்றோம்.

"அது நீரில் கரையாது மாமா, படிந்து குழாயை அடைத்துவிடும்" என்று சிரித்தான். நூலை விட்டு நீங்காதிருக்கச் செய்த அதே குணம் இங்கே இடையூறாகிறது!

வாப்பா சிறுநீர்ப்பை நோயால் மறைந்தார்கள். சாயமே காரணமென்று எவரும் நமக்குச் சொன்னதில்லை. ஆயினும், பிராங்பர்ட் சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டு 1895இல் லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் அறிவித்ததைப் படித்த நாள்முதல், அந்த ஐயம் நம்மை விட்டு அகலவில்லை. புற்று விளைக்கும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஆடைகளில் பயன்படுத்த 1994இல் ஜெர்மனி தடை விதித்தது.

மூடிய குழாய் சாயம் செய்வோரின் கையைக் காக்கும், விபத்தையும் சிறிதாக்கும். ஆனால் நஞ்சை நஞ்சல்லாததாக்காது. சாயமேற்றுவோன் கை பின்னரும் தொட்டியில்தான் இருக்கும். எனவே எந்த அமீனை உள்ளே அனுப்புவது என்பதை மனிதனின் மனச்சாட்சியே தீர்மானிக்க வேண்டும்.

புறப்படுகையில் அவன் கையுறைகளைக் கழற்றினான். விரல்களில் ஒரு துளி நிறமும் இல்லை. வாப்பாவின் நகக்கண்களிலோ, கஃபனிட்ட அன்றும் சிவப்பு இருந்தது.